கடையில் ஓடுகிறது, வீட்டில் அணைகிறது

கேள்வி: திருவான்மியூரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன். இரண்டு மாதங்களுக்கு முன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினேன். மகன் விளையாடுவதற்காகக் கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு. வேகத்தில் குறையில்லை. ஆனால் வெறுங்காலுடன் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. 600 விஏ யுபிஎஸ் இருந்தும், கரண்ட் போனால் சில நாள் தாங்குகிறது. சில நாள் பொட்டென்று அணைந்துவிடுகிறது. கேபினெட்டை இரண்டு முறை கடைக்குத் தூக்கிச் சென்றேன். நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். மதியத்தில் ஃபேன் சத்தம் வேறு. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை 512 ஜிபி என்று விற்றார்கள். திரையில் 476தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: மூன்றாவது முறை தூக்கிச் செல்லாதீர்கள், ஆட்டோ காசாவது மிஞ்சும். கடையில் உங்கள் வீட்டுச் சுவரும் இல்லை, உங்கள் யுபிஎஸ்ஸும் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை.

முதலில் அந்தச் 'சுருக்'. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். மின் இரைச்சலை வடிகட்டுவது அவற்றின் வேலை. அவை வழியாகக் கசியும் சொற்ப மின்சாரம் எர்த் ஒயரில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் இறங்க வழியில்லாமல் கேபினெட்டின் மேலேயே நிற்கும்: 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115. நீங்கள் தொட்டதும் உங்கள் காலே எர்த் ஒயராகிவிடுகிறது. செருப்புப் போட்டால் தெரியாது. பல வீடுகளில் அந்தச் செருப்பையே வைத்தியமாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கசிவு பொதுவாக ஒரு மில்லிஆம்பியரைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நாளை உள்ளே பேஸ் ஒயர் உரிந்து உலோகத்தில் பட்டால், ஃபியூஸைப் போக்கி உங்களைக் காப்பாற்ற அங்கே எதுவும் இருக்காது. யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அது எர்த்தை உண்டாக்குவதில்லை. சுவரில் இருப்பதைத்தான் கடத்தும்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் இதே புகாருக்காகச் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை ஒயர் ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றி, முறுக்குப் போலச் சுருட்டி, பெட்டியின் மூலையில் திணித்திருந்தார்கள். சாக்கெட்டின் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். அங்கே ஐந்து நிமிட வேலையாகப் போயிற்று. உங்களுக்கும் அப்படியே அமையட்டும்.

எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "எர்த் இருக்கிறது சார்" என்று அவர் கிளம்பினால் விடாதீர்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால், துருப்பிடித்த அரைகுறை எர்த்தும் அதில் 230 காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போடச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் வைத்த வீடாக இருந்தால் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும்.) இதைச் செய்ய வேண்டியது அவர், நீங்கள் அல்ல.

இன்னொன்று, இது முக்கியம். எர்த் வரவில்லை என்றால், சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 'சுருக்' உடனே நின்றுவிடும். நீங்களும் மகிழ்ந்து காசு கொடுத்துவிடுவீர்கள். பிறகு என்றாவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் வந்து நிற்கும். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் பேசும்போது கம்ப்யூட்டரைச் சொல்லிக் கேட்காதீர்கள், காதில் ஏறாது. கிரைண்டரும் வாஷிங் மெஷினும் அதே எர்த்தை நம்பித்தான் ஓடுகின்றன என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, அணைவது. 600 விஏ என்பது 600 வாட் இல்லை. இந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். நீங்கள் கணக்குப் பார்க்கும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். விளையாட்டு ஓடினால் கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்து 300, 400 வரை போகலாம். ஆக, கரண்ட் போனபோது நாற்காலியில் இருந்தது நீங்களா, மகனா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 1,000 அல்லது 1,100 விஏ போதும், ஆனால் விஏவைப் பார்க்காமல் பெட்டியில் வாட் எவ்வளவு என்று படித்து வாங்குங்கள். லேசர் பிரிண்டர் வைத்திருந்தால் அதை யுபிஎஸ்ஸில் செருகவே செருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் அந்த ஒரு நொடியில் அது பல நூறு வாட் இழுக்கும்.

ஃபேன் சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். கேபினெட்டை மேசையின் அடைத்த அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். விட்ட வெப்பக் காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். கடற்கரைப் பக்கம் என்பதால் தூசியோடு உப்பும் ஈரமும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதிவிடுங்கள். சும்மா இணையம் பார்க்கும்போதே பிராசசர் 90 டிகிரியைத் தொட்டால் மட்டும் கடைக்குப் போகலாம்: பிராசசரைக் குளிர்விக்க அதன் மேல் மாட்டும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே சிலர் மாட்டிவிடுவார்கள்.

476 ஜிபி சரியான கணக்குதான். எஸ்எஸ்டி செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அந்த விஷயத்தில் கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள்.