விமானி பேசுவது கேட்கிறது, டவர் கேட்கவில்லை: ஆன்டெனாவை மாற்றலாமா?

கேள்வி: பல அலைவரிசைகளைக் கேட்க உதவும் ரேடியோவான கையடக்க ஸ்கேனர் ஒன்று வைத்திருக்கிறேன். விமானப் பேச்சுகளைக் கேட்பதில்தான் ஆர்வம். விமானிகள் பேசுவது பளிச்சென்று கேட்கிறது. அவர்களுக்கு டவரிலிருந்து, அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, வரும் பதில் மட்டும் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது, பல நேரம் வருவதே இல்லை. ஸ்கேனரோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். நீளமான ஆன்டெனா வாங்கினால் டவரும் கேட்குமா?

பதில்: கேட்கலாம், கேட்காமலும் போகலாம். எது நடக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் ரப்பர் ஆன்டெனா அடியோடு மோசமாக இருந்தால் விமானிகளின் குரலும் வந்திருக்காது. விமானப் பேச்சு நடக்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்கு அப்பால் அவை சரியாக எட்டுவதில்லை. எட்டும் தூரத்தைக் கணக்கிடுவது சுலபம்: ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். பேசுபவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும்.

10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு இது 412 கிலோமீட்டர். டவரின் ஆன்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 20 கிலோமீட்டர்தான் வருகிறது. தரையில் நிற்கும் உங்கள் பங்கு 5. ஆக மொத்தம் 25 கிலோமீட்டர், அதுவும் இடையில் கட்டடமோ மேடோ இல்லாதபோது. 9 மீட்டர் உயர மாடிக்கு ஏறினால் உங்கள் பங்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதனால்தான் மாடிப்படியை முதலில் சொன்னேன்.

சோதித்துப் பார்க்க விடாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு குரல் வேண்டும். டவர் எப்போது பேசும் என்று காத்திருந்தால் ஒப்பிடவே முடியாது. பல விமான நிலையங்களில் ஏடிஐஎஸ் என்ற ஒலிபரப்பு உண்டு. காற்றின் வேகம், பார்வைத் தூரம், பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை ஆகியவற்றை ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த அலைவரிசையை வையுங்கள். ஸ்கேனரின் ஒலிபரப்பு முறை (மோட்) விமானப் பேச்சுக்கு உரிய ஏஎம்மில் இருக்கட்டும். சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். இறுக்கி வைத்தால் மெல்லிய குரலை அதுவே அடைத்துவிடும். முதலில் அறையின் நடுவில் கேளுங்கள், அடுத்து ஜன்னல் ஓரத்தில், அப்புறம் மாடியில். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு அடி நகர்ந்தும் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளால் ஒரு முழம் தள்ளி நின்றாலே குரல் எழும்பும், அமுங்கும். ஆன்டெனா செங்குத்தாகவே இருக்கட்டும், இந்த ஒலிபரப்புகள் செங்குத்து அலைகளாகத்தான் வருகின்றன.

அறைக்குள் கேட்கும்போதே செல்பேசி சார்ஜரையும் எல்இடி விளக்கையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி ஆன்டெனா இல்லை. பெரிய ஆன்டெனா போட்டால் அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் அள்ளி வரும்.

மாடியில் குரல் மெலிதாக, சீறலுக்கு நடுவே சொற்கள் புரிகிற அளவில் வருகிறதா? அப்படியானால் தாராளமாக வாங்குங்கள், பலன் தெரியும். மாடியிலும் மூச்சே இல்லை என்றால் டவர் உங்கள் எட்டுக்கு வெளியே இருக்கிறது. ஸ்கேனரின் தலையில் எதைச் சொருகினாலும் அது மாறாது.

வாங்குவதானால் எது? இந்த அலைவரிசைகளுக்கு இழுத்து நீட்டும் டெலஸ்கோபிக் ஆன்டெனாதான் என் தேர்வு. ஆன்டெனாவுக்கு ஏற்ற நீளமான கால் அலைநீளம் என்பது 75 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும் நீளம். 125 மெகாஹெர்ட்ஸுக்கு அது 60 சென்டிமீட்டர். ரப்பர் ஆன்டெனாவுக்குள் இருப்பது ஸ்பிரிங் போலச் சுருட்டிய கம்பி. ஒரு சாண் உயரத்தில் எல்லா அலைவரிசைக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் விமான அலைவரிசையில் அது தடுமாறுகிறது. டெலஸ்கோபிக் என்றால் நீளத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்: கப்பல் பேச்சு நடக்கும் 156 மெகாஹெர்ட்ஸுக்கு 48 சென்டிமீட்டர், 460க்கு 16. எப்போதும் முழுசாக இழுத்துவிடுவது நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

கனெக்டரைக் கவனித்து வாங்குங்கள். ஆன்டெனாவை ஸ்கேனரோடு இணைக்கும் இந்தப் பகுதி பிஎன்சி வகை என்றால் கவலை குறைவு. எஸ்எம்ஏ வகை என்றால் மெல்லிய மரை, அதன் மேல் 60 சென்டிமீட்டர் கம்பி ஒரு நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். என்னிடம் இருந்த ஒரு ஸ்கேனர் மேசையிலிருந்து ஆன்டெனா முதலில் படும்படி விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே கனெக்டரின் ஈயப்பற்று விட்டுப்போய் ரேடியோ செவிடாகிவிட்டது. நீட்டிய நிலையில் சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

இதைவிடச் சிக்கனமான ஒரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கையடக்க ரேடியோவில் ஆன்டெனா பாதிதான். மறுபாதியாக ரேடியோவின் உடலும் உங்கள் கையும் இருக்கின்றன. அந்த மறுபாதியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் ரப்பர் ஆன்டெனாவே மேம்படும். 60 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை வெட்டி, ஒரு முனையின் உறையைச் சீவி, கனெக்டரின் வெளி உலோக வளையத்தில் சுற்றிக் கீழே தொங்கவிடுங்கள். நடு ஊசியில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஏடிஐஎஸ்ஸை வைத்து ஒயரோடும் ஒயர் இல்லாமலும் கேட்டுப் பாருங்கள்.

நீளமான ஆன்டெனாவைப் போட்டதும் நிலைமை மோசமாவதும் உண்டு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலை வானொலிகள் விமான அலைவரிசைக்குப் பக்கத்து வீடு, அவற்றின் சக்தியும் மிக அதிகம். குட்டி ஸ்கேனரால் அதைத் தாங்க முடியாது. விமானி பேசும்போது பின்னால் பாட்டு கேட்டாலோ, இருந்த குரலும் அமுங்கிப் போனாலோ, ஆன்டெனாவைப் பாதியாகச் சுருக்குங்கள் அல்லது சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரை இயக்குங்கள். அப்போது குரல் தெளிந்தால் சிக்னல் மிஞ்சிப்போனதுதான் கோளாறு. பண்பலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை இடையில் போட்டால் சரியாகும்.

மாடியில் நிலையாக ஆன்டெனா நிறுத்துவது இன்னும் நல்ல தீர்வு. ஆனால் ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிளை நீளமாக இழுக்காதீர்கள். 450 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் போவதற்குள் சிக்னலில் ஏறக்குறைய பாதி கேபிளிலேயே போய்விடும். மின்கம்பிகளுக்கு அருகே நிறுத்தவே கூடாது, இடி மின்னலின்போது கேபிளைத் தொடவும் கூடாது. விமானப் பேச்சைக் கேட்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மாடியும் ஒயரும் போதும். இரண்டுக்கும் பிறகு டவரின் குரல் அரைகுறையாகவாவது வந்தால், உங்கள் கனெக்டருக்குப் பொருந்தும் டெலஸ்கோபிக்கை வாங்கிவிடுங்கள்.