பத்து நாள் லீவு, ஒரே ஒரு வைகை

கேள்வி: டெக்சாஸில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, போன ஜூனில் குடும்பத்தோடு மதுரைக்கே திரும்பிவிட்டோம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. பிள்ளைகளுக்கு நம் தமிழ்நாட்டைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், காலாண்டு லீவில் வேன் பிடித்து ஆறே நாளில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், நவக்கிரகக் கோயில்கள், வேளாங்கண்ணி, சிதம்பரம், மகாபலிபுரம் என்று சுற்றினோம். மூன்றாம் நாளே பிள்ளைகள் வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றார்கள். வழி நெடுக என் கணவர், "அங்கே இப்படியா இருக்கும்?" என்று குப்பையையும் கழிப்பறையையும் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கே சொந்த ஊரில் டூரிஸ்ட் மாதிரி இருந்தது. அரையாண்டு லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி என்று பட்டியல் போட்டிருக்கிறேன். மாமியார் இராமேஸ்வரத்தையும் சேர்க்கச் சொல்கிறார். இந்தத் தடவையாவது சரியாக வருமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: வராது சகோதரி. பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வாங்குகிறது. பிள்ளைகள் சலித்துப்போனது கோயில்களைப் பார்த்து என்றா நினைக்கிறீர்கள்? வேனைப் பார்த்துதான். ஆறு நாளில் அத்தனை ஊர் என்றால் பாதி நேரம் சாலையில் போயிருக்கும். மீதியில் பாதி, மதியம் நடை சாத்திய கோயில் வாசலில் நாலு மணிக்குத் திறப்பார்கள் என்று காத்திருந்ததில் போயிருக்கும். பதினைந்து வயதுப் பெண் அதற்குமேல் பொறுமையாக இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

டிசம்பர் கடைசியில் உங்கள் பட்டியல் இன்னும் மோசமாகும். ஐயப்ப சீசன் உச்சத்தில் இருக்கும். சபரிமலை போகிறவர்களும் திரும்புகிறவர்களும் மதுரை, இராமேஸ்வரம், கன்னியாகுமரி மூன்றையும் ஒரு வட்டம் போட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றமே தலையிட வேண்டிய அளவுக்கு வண்டிகள் ஏறுகின்றன என்றால், கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த மலைப்பாதையில் என்ன காண்பீர்கள்? முன்னால் போகும் காரின் பின்பக்கத்தைத்தான்.

நான் சொல்லும் யோசனை சின்னது. இந்த லீவில் வைகையை மட்டும் பாருங்கள். மேலே கம்பம் பள்ளத்தாக்கு, கீழே இராமநாதபுரம் கடற்கரை, நடுவில் உங்கள் வீடு. பெட்டி கட்ட வேண்டிய இரவுகள் நாலைந்துதான் இருக்கும், மற்ற நாளெல்லாம் வீட்டுக் கட்டில்.

முதல் மூன்று நாள் மதுரையை விட்டு ரொம்ப தூரம் போகவே வேண்டாம். நீங்கள் மதுரைக்காரர், எனக்குத் தெரியும். ஆனால் கீழக்குயில்குடிக்குப் போயிருக்கிறீர்களா? பெரும்பாலான மதுரைக்காரர்கள் போனதில்லை. ஊருக்கு மேற்கே, காரில் அரைமணி நேரம். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இரண்டு இடங்களில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சமணச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். காலை ஆறரைக்கு ஏறினால் வெயில் சுடுவதற்குள் இறங்கிவிடலாம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், தண்ணீர் நிறைய வேண்டும்.

மறுநாள் கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நீங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் நடந்தது இது முழுக்க. அகழாய்வு தொடங்கியது 2014-15இல், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச்சில். அதனால் இங்கே நீங்களும் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சுடுமண் பகடைக்காய், ஆட்டக்காய், நூல் நூற்கும் தக்கிளி, பானை ஓட்டில் யாரோ கீறி வைத்த "ஆதன்" என்ற பெயர். பையனுக்குப் போகும் முன்பே தமிழி, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்தில் பத்தையாவது சொல்லிக்கொடுத்துவிடுங்கள். "க" எழுதுவது அவனுக்கு ஏற்கெனவே தெரியும், கூட்டல் குறிதான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டில் அவனாக ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அவனை வெளியே இழுத்து வருவதுதான் உங்கள் பிரச்சினையாக இருக்கும்.

மூன்றாவது, மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. ஏழு குன்றுகளும் ஏரிகளும் சுனைகளும் சூழ்ந்த கிராமம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். குன்றில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், வேறொரு பக்கம் தமிழிக் கல்வெட்டு, சமணத் தீர்த்தங்கரர். பாறை முகடுகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. 2024 கடைசியில் இந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் சொல்லாதீர்கள், ஊர்க்காரர் யாரையாவது சொல்ல விடுங்கள். போராட்டத்துக்குப் போன பாட்டிகள் டீக்கடைத் திண்ணையிலேயே கிடைப்பார்கள். அவர்கள் பேசும் மேலூர்த் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. பரவாயில்லை, மீதியை அவளே கேட்டுத் தெரிந்துகொள்வாள். கூட்டமாகப் போய்ச் சத்தம் போட வேண்டாம், பறவை இருக்கும் இடம்.

நகரத்துக்குள் ஒரு மாலை போதும். மேல மாசி வீதியில், இப்போது கீழே கதர்க்கடை இருக்கும் கட்டிடத்தின் மாடியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்பு வேட்டிக்கு மாறினார். அமெரிக்கப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குக் காந்தியின் அந்தப் படம் தெரியும், அந்தக் கோலம் பிறந்தது அப்பத்தா வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களில் என்பது தெரியாது. அங்கிருந்து நடந்தே விளக்குத்தூண், ஜிகர்தண்டா. குளிராக இருந்தால் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பால். மீனாட்சி கோயிலுக்குப் பகலில் வேண்டாம், வரிசை நகராது. இரவு பள்ளியறை பூஜைக்குப் போங்கள். சொக்கநாதர் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்கு வரும் அந்த நேரத்தில் கோயில் வேறு மாதிரி இருக்கும். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே அனுமதி இல்லை. பிள்ளைகள் கையில் செல் இல்லாத ஒரு மணி நேரம் உங்களுக்கும் இனாமாகக் கிடைக்கும்.

அடுத்து ஆற்றின் மேற்பக்கம். இங்கே உங்கள் கணவரை முன்னால் விடுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, என்ன வேலையாக இருந்தாலும் முல்லைப்பெரியாறு அவருக்குப் பிடிக்கும். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்த வேலை அது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அந்த அணை 1895இல் திறந்தது, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் வைத்துக் கட்டியது. அணைக்குப் போக முடியாது. ஆனால் மலையடிவாரத்து லோயர் கேம்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது, மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஜனவரி 15 அன்று அந்த வெள்ளைக்காரருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் பாலார்பட்டி. கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு நுழைந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள், கிலோ கணக்கில் வாங்கித்தான் வர வேண்டியிருக்கும். குமுளி சாலையில் மட்டும் ஐயப்ப வண்டிகளுக்குத் தப்ப விடியற்காலையில் கிளம்புங்கள். நேரமிருந்தால் சின்னமனூரிலிருந்து மேகமலை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். புலிகள் காப்பகம் என்பதால் இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். திரும்பும் வழியில் வைகை அணை. 1959இல் கட்டி முடித்தது, முழு நீர்மட்டம் 71 அடி. அன்றைக்கு எத்தனை அடி என்று காலைப் பேப்பரில் பார்த்துவிட்டு வரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மதுரை வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள உறவை அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழ்ப்பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன், ஒரு இரவு இராமநாதபுரத்தில் தங்கினால் போதும். போகும் வழியில் மானாமதுரையில் கடம் செய்யும் வீடுகள் இருக்கின்றன. பானைக்கும் கடத்துக்கும் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று தட்டிப் பார்க்கலாம். இராமநாதபுரத்தில் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனை, இராமலிங்க விலாசம். சுவர் முழுக்க ஓவியம், மராட்டியரோடு நடந்த சண்டை உட்பட. மாலையில் சித்திரங்குடி போல ஏதாவது ஒரு கண்மாயில் பறவைகள், மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால். கடைசியாக, அழகன்குளத்துக்குப் பக்கத்தில் வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை என்ற ஊர். அங்கே பெரிய ஆறு எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரில் பெரும்பகுதி வழியிலேயே கண்மாய்களுக்குப் போய்விடுகிறது. அப்படித்தான் இந்த நாட்டை நம் ஆட்கள் கட்டியிருக்கிறார்கள்.

கணவர் விஷயம். குப்பை பற்றி அவர் சொல்வது சரி. மதுரைக்குள் வைகை சாக்கடையாகத்தான் ஓடுகிறது, அதைப் பிள்ளைகளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? "நம்ம ஊரும் நல்லா இருக்குல்ல?" என்று அவரிடம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆமோதிப்பு கேட்காதீர்கள். நீங்கள் வக்கீலாக நிற்பதால்தான் அவர் எதிர்த்தரப்பு ஆகிறார். கழிப்பறைக்கு நடைமுறை வழி இருக்கிறது. நெடுஞ்சாலைப் பெரிய உணவகங்களில் சாப்பாட்டு நேரத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள், சின்ன ஊர்களில் தேட வேண்டிய நிலைமையே வராது. இன்னொன்று, உங்களில் யாரிடமாவது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் எடுத்துப் போங்கள். நினைவுச்சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சரணாலயங்களிலும் இந்தியருக்கான கட்டணம்தான் உங்களுக்கும். 2021இலேயே அரசாணை வந்துவிட்டது. கவுண்டரில் தெரியாமல் வெளிநாட்டுக் கட்டணம் கேட்டால் அட்டையைக் காட்டிப் பேசுங்கள்.

டூரிஸ்ட் மாதிரி இருக்கிறது என்று வருத்தப்படுகிறீர்கள். இருந்துவிட்டுப் போங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. ஊரிலேயே இருந்தவர்களும் கீழக்குயில்குடி ஏறியதில்லை என்று மேலேயே சொன்னேன். உங்களுக்குச் சின்ன வயதில் தெரிந்த மதுரை, வீடு, பள்ளிக்கூடம், டியூஷன், கோயில், சித்திரைத் திருவிழாவுக்குத் தல்லாகுளம், அவ்வளவுதானே? அதைத் திரும்பக் காட்டப் போனால் பிள்ளைகள் ஏமாறுவார்கள், ஏனென்றால் பாதி இடத்தில் இப்போது மேம்பாலம் நிற்கிறது. சித்திரைத் திருவிழாவை மட்டும் தவறாமல் காட்டுங்கள். இந்த லீவில் வைகையின் மேலும் கீழும் பார்த்துவிட்ட பிள்ளைகள், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஏப்ரலிலோ மே மாதத்திலோ தாங்களே வந்து நிற்பார்கள்.

மாமியாரை மறந்துவிடவில்லை. ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்கு ஒரு காலையில் அவரோடு போங்கள். வைகையில் வெள்ளம் வந்ததும், வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்காகச் சிவன் மண் சுமந்ததும், பிரம்படி பட்டதும் அவர் சொன்னால்தான் கதை. இராமேஸ்வரத்துக்கு அவர் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போவதைப் பிள்ளைகளும் விரும்புவார்கள். ஆனால் ஐயப்ப சீசனில் இருபத்திரண்டு தீர்த்தத்துக்கு ஈரத்துணியோடு அவரை வரிசையில் நிறுத்துவது பாவம். பொங்கல் கழிந்து, அமாவாசை இல்லாத ஒரு வாரநாளில் கூட்டிப் போவதாகத் தேதியோடு இப்போதே சொல்லிவிடுங்கள். டிக்கெட்டையும் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். வெறும் வாக்கு என்றால் வைகைப் பயணம் முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடும்.