ஹீட்டர் ஓடியும் அறை ஏன் சில்லென்றே இருக்கிறது?

குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: ஹீட்டர் போட்டு, வெப்பமானி 21 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தால் முதுகெல்லாம் ஜில்லிடுகிறது. வெப்பமானி பழுதா?

வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது. அது காற்றின் சூட்டை மட்டும் சொல்கிறது. உடம்புக்குச் சுவரும் தெரியும். நம் உடம்பின் வெப்பம், அருகில் குளிர்ந்து கிடக்கும் எந்தப் பரப்பை நோக்கியும் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கும். காற்று 21 டிகிரி, சுற்றியுள்ள சுவரும் கண்ணாடியும் சராசரியாக 15 டிகிரி என்றால், காற்றோட்டம் இல்லாத அறையில் உடம்பு உணர்வது ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவே, அதாவது 18 டிகிரி.

உங்கள் சோபா வெளிச்சுவரை ஒட்டியோ, சன்னலுக்கு முதுகு காட்டியோ கிடக்கும் என்று நினைக்கிறோம். அதை உள்சுவர்ப் பக்கம் மாற்றிப் போடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது. இடமில்லை என்றால், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே உயரமான புத்தக அலமாரி ஒன்றை நிறுத்தலாம். ஆனால் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பின்னால் காற்று போகாமல் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று. சன்னலை இறுக்கிச் சாத்திய பிறகும் காலில் காற்று படுவதுபோல் இருந்தால், அது வெளிக்காற்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று கனத்துக் கீழே இறங்கி, தரையோடு தரையாக ஊர்ந்து வரும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைச் சன்னலுக்கு அடியில் பொருத்துவதே இதைத் தடுக்கத்தான்.

கேள்வி: எந்த இடுக்கு வழியாகக் காற்று வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஃபோம் டேப் ஒட்டினேன். ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது.

காற்று பலமாக அடிக்கும் நாளில் மின்விசிறி, எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, நிலைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள கோட்டுக்கு 2 செ.மீ. தள்ளிப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும்பினால் அங்கே கசிவில்லை. படுத்துக்கொண்டு ஓடினால் அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடம், சுவரைத் துளைத்துக் குழாய் வரும் இடம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பலரும் கதவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

டேப் உரிந்துபோக மூன்று காரணங்கள் உண்டு. தூசியின் மேல் ஒட்டியது, தடிமன் தவறியது, கதவு உரசும் இடத்தில் ஒட்டியது. முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தடிமன் அறிய, பிசைந்த மாவில் சிறு உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி நிலையில் வைத்துக் கதவைச் சாத்தித் திறங்கள். உருண்டை நசுங்கி எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ, அதுதான் இடைவெளி. 4 மி.மீ. என்றால் 6 மி.மீ. டேப் போதும். 10 மி.மீ. ஒட்டினால் தாழ்ப்பாள் விழாது. நீங்கள் கதவைத் தள்ளித் தள்ளியே டேப்பைப் பிய்த்துவிடுவீர்கள். கதவு வந்து அழுத்தும் முகத்தில் ஒட்டுங்கள், உரசிப்போகும் பக்கத்தில் வேண்டாம். நகர்த்தித் திறக்கும் சன்னலுக்கு ஃபோம் சரிப்படாது. மயிர் வைத்த பிரஷ் பட்டைதான் தாங்கும்.

கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ உள்ள அறையில் காற்றுப் போக்குக்கென்று விட்ட துவாரத்தை மட்டும் அடைக்கவே கூடாது.

கேள்வி: இடுக்கையெல்லாம் அடைத்தபின் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது.

முன்பு இடுக்கு வழியே வெளியேறிய ஈரம் இப்போது உள்ளேயே தங்குகிறது. 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பில்தான் நீர் கோக்கும். 60 சதவீதம் ஆனால் 12 டிகிரியிலேயே கோத்துவிடும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி, 40க்கும் 55க்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். அறைக்குள் துணி காயப்போடுவதுதான் முதல் குற்றவாளி. காலையும் மாலையும் எதிரெதிர் சன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். ஈரக்காற்று போய்விடும்; சுவரிலும் சாமான்களிலும் உள்ள சூடு அதற்குள் போகாது. நாள் முழுக்க ஒரு விரல் அகலம் திறந்து வைப்பவர்கள் சுவரையும் சேர்த்துக் குளிரவைக்கிறார்கள்.

கேள்வி: கனமான திரைச்சீலை வாங்கிப் போட்டும் பலனில்லையே?

மேலே இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அறையின் சூடான காற்று அந்த வழியாகத் திரைக்குப் பின்னால் நுழைந்து, கண்ணாடியில் குளிர்ந்து, அடியில் கொட்டும். கம்பிக்கு மேல் ஒரு பலகை பொருத்தி அந்த வாயை மூடுங்கள். கம்பி சன்னலைவிட இருபுறமும் 15 செ.மீ. நீளமாக இருக்கட்டும், துணியின் அகலம் கம்பியைப்போல் இரு மடங்கு வேண்டும். அடி ஓரம் தரையையோ சன்னல் திட்டையோ தொடவேண்டும். அடியில் ரேடியேட்டர் இருந்தால் திட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய சூடு கண்ணாடிக்குப் போகும்.

கேள்வி: அறை சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிபோல் இருக்கிறது.

உச்சியில் ஒரே வெள்ளை விளக்கு எரியும். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; எண் குறைந்தால் மஞ்சள் கூடும். 6500 கெல்வின் என்று போட்ட பல்பை மாற்றி 2700 கெல்வின் வாங்குங்கள். ஒன்றுக்குப் பதில் மூன்றாக, ஒவ்வொன்றும் 400 லூமென் (பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்ச அளவு) அளவில், உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் எரியட்டும். பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. மூலை கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும், கெட்டுப்போகாது.

கேள்வி: இரண்டு கம்பளி போர்த்தியும் படுக்கை குளிர்கிறது.

ஒன்றை எடுத்து மெத்தைமேல், உடம்புக்கு அடியில் விரியுங்கள். உடம்பின் பாரத்தில் மெத்தை அமுங்கி, காற்றைப் பிடித்துவைக்கும் சக்தி அடியில்தான் குறைகிறது. வெந்நீர்ப் பை வைப்பவர்கள், கொதிக்கிற தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடி திருகுங்கள். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடவேண்டியதுதான்.

கேள்வி: படுக்கையறையில் ஒரு தட்டில் கரி நெருப்பு வைத்துக்கொள்ளலாமா? சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோம்.

வேண்டவே வேண்டாம். கரி தணலில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். கொஞ்சம் திறந்த சன்னல் இதற்குப் போதாது. எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் வாங்குங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்; ஆகவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் சுவரிலுள்ள 15 அல்லது 16 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். அரைமணி ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்கமுடியாத சூடாக இருந்தால் உள்ளே முனை தளர்ந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தப் பிளக்கில் எதையும் போடாதீர்கள்.