ஐ-94 (அமெரிக்கால எந்த தேதி வரைக்கும் இருக்கலாம்ங்கற பதிவு) ஆகஸ்ட்ல முடியுது, ஜூன்ல தங்கச்சி கல்யாணம், ஊருக்கு போலாமா?

கேள்வி: சார், நியூஜெர்சில ஹெச்-1பி வேலை விசால வேலை பாக்கறேன், மனைவியும் பையனும் ஹெச்-4, அதாவது குடும்பத்துக்கான விசா. என் 797ல (ஹெச்-1பி அப்ரூவல் நோட்டீஸ்) 2027 செப்டம்பர் வரைக்கும் இருக்கு, ஆனா விசா ஸ்டாம்ப் போன வருஷமே முடிஞ்சிடுச்சு. கடைசியா உள்ள வந்தப்ப பாஸ்போர்ட் முடியற தேதிய பாத்து ஐ-94ஐ இந்த 2026 ஆகஸ்ட் 14 வரைக்கும்தான் குடுத்தாங்க. இப்போ புது பாஸ்போர்ட் வாங்கிட்டேன், இனிமே பிரச்சன இல்லனு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ஜூன்ல கும்பகோணத்துல தங்கச்சி கல்யாணம். 3 வாரம் லீவ்ல போயி சென்னைல ஸ்டாம்பிங் முடிச்சிட்டு வந்துடலாமா?

பதில்: தம்பி, ஃப்ரெண்ட்ஸ் சொன்னத முதல்ல விட்டுடுங்க. புது பாஸ்போர்ட் வந்துட்டா ஐ-94 தானா நீளாது. ஸ்டாம்ப் உள்ள நுழையறதுக்கு, 797 உங்க கம்பெனி வாங்கின அனுமதிக்கு, நீங்க இங்க எத்தன நாள் இருக்கலாம்ங்கறது ஐ-94 தேதிதான். 797ல 2027 இருக்குன்னு நம்பி ஆகஸ்ட் 14ஐ தாண்டி வேலைக்கு போனீங்கன்னா ஸ்டேட்டஸ் போச்சு, அது 180 நாள தாண்டி நீங்களும் வெளிய போயிட்டா 3 வருஷம் உள்ள வர முடியாது, ஒரு வருஷம் ஆச்சுன்னா 10 வருஷம். இத கவனிக்காமலே மாசக்கணக்குல ஓட்டினவங்க என்கிட்ட வந்து உக்காந்து அழுதிருக்காங்க, அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

இத சரி பண்ண ரெண்டு வழி இருக்கு. வெளிய போயி புது ஸ்டாம்போட, புது பாஸ்போர்ட்டோட திரும்பி வந்தா ஏர்போர்ட்லயே புது ஐ-94 கெடைக்கும், நீங்க நெனைக்கறதும் அதுதான். ஆனா சென்னை ஸ்டாம்பிங் இப்ப பழைய மாதிரி இல்ல. 2025 செப்டம்பர்லேர்ந்து ஹெச்-1பிக்கு டிராப்பாக்ஸ் (இன்டர்வியூ இல்லாம பேப்பர மட்டும் குடுக்கறது) கெடையாது, நேர்ல இன்டர்வியூ. டிசம்பர் 15லேர்ந்து ஹெச்-1பி, ஹெச்-4 எல்லாருக்கும் சோஷியல் மீடியாவ பாக்கறாங்க, அக்கவுண்ட பப்ளிக்ல வைக்க சொல்றாங்க, அதுனால இந்தியால டிசம்பர்ல இன்டர்வியூ இருந்த பல பேருக்கு தேதிய மார்ச்சுக்கும் அதுக்கு அப்புறமும் தள்ளிட்டாங்க. லீவ்ல போனவங்க மாட்டிக்கிட்டாங்க, பசங்க ஸ்கூல் இங்க, அப்பா அம்மா அங்க. 3 வாரம்ங்கற கணக்கு ரொம்ப நம்பிக்கையான கணக்கு தம்பி.

ரெண்டாவது வழி, உங்க கம்பெனி இப்பவே எக்ஸ்டென்ஷன், அதாவது இங்க இருக்கற காலத்த நீட்டிக்க கேக்கற மனு, ஃபைல் பண்றது. பிரீமியம்ல (தனி ஃபீஸ் கட்டி சீக்கிரமா பாக்க வைக்கறது) போட்டா 15 வேலை நாள்ல ஒரு பதில் வரும், அது கூடுதல் டாக்குமென்ட் கேக்கற ஆர்எஃப்இயாவும் இருக்கலாம், அதனால தள்ளிப் போடாதீங்க. அப்ரூவ் ஆனா வர்ற 797ஏவோட கீழ்ப்பகுதில புது ஐ-94 இருக்கும், அத பத்திரமா வைங்க. என் சிபாரிசு இதுதான். ஆனா இது பென்டிங்ல இருக்கும்போது ஃபிளைட் ஏறாதீங்க, எக்ஸ்டென்ஷன் அடிபடலாம். 2025 செப்டம்பர்ல ஹெச்-1பிக்கு வந்த 1 லட்சம் டாலர் ஃபீஸ், உள்ள இருந்து கேக்கற எக்ஸ்டென்ஷனுக்கு வராதுன்னு யூஎஸ்சிஐஎஸ் (இந்த மனுக்கள பாக்கற அமெரிக்க குடியேற்ற ஆபீஸ்) அக்டோபர்ல சொல்லியிருக்கு, ஆனா ஸ்டேட்டஸ் இல்லாம போயி அந்த எக்ஸ்டென்ஷனுக்கு தகுதி இல்லன்னு முடிவு பண்ணிட்டா ஃபீஸ் வரும்னும் சேர்த்துதான் சொல்லியிருக்கு. அப்ரூவ் ஆனப்புறம் ஊருக்கு போயி அத வச்சு ஸ்டாம்பிங் பண்ணா அந்த ஃபீஸ் இல்ல. இந்த வித்தியாசம் சின்னதா தெரியும், பில்லு 1 லட்சம் டாலர்.

அப்ரூவல் வந்தப்புறம் கல்யாணத்துக்கு போறதா வேணாமாங்கறது இன்டர்வியூ தேதிய பொறுத்தது. தேதி கன்ஃபர்ம் ஆகாம டிக்கெட் போடாதீங்க, கன்ஃபர்ம் ஆனாலும் தள்ளிப்போகலாம்னு மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. அங்க மாட்டிக்கிட்டா லேப்டாப்ப தொறந்து வேலை செய்யலாமான்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல எழுத்துல வாங்குங்க, நெறைய கம்பெனி ஒத்துக்காது. சம்பளம் கட்டாகலாம், ஆனா வெளிய இருந்த நாள்கள ஹெச்-1பியோட மொத்த 6 வருஷ கணக்குல திரும்ப சேர்த்துக்க கேக்கலாம், அதுக்கு பாஸ்போர்ட் ஸீல், போர்டிங் பாஸ் எல்லாம் எடுத்து வைங்க.

கம்பெனி அட்டர்னி கம்பெனிக்கும் சேர்த்துதான் வேலை பாக்கறார், உங்க குடும்ப பேப்பர அவரே பாத்துப்பார்னு விடாதீங்க. மனைவி, பையன் ஐ-94 அவங்கவங்க பாஸ்போர்ட் தேதிய வச்சு வேற வேற தேதில இருக்கலாம், அவங்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஐ-539ங்கற ஃபார்ம்ல தனியா போடணும். இன்னிக்கு ராத்திரியே சிபிபி (ஏர்போர்ட்ல உள்ள விடற அமெரிக்க எல்லைத் துறை) வெப்சைட்ல மூணு பேரோட ஐ-94ஐயும் எடுத்து பாருங்க, நாளைக்கு காலைல ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க.