வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார், மிச்சக் கோழிகளைக் கொடுத்துவிடலாமா?

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் 35 நாட்டுக்கோழி, 6 வாத்து. மூன்று நாளில் 5 கோழி செத்துவிட்டது, அதில் ஒன்றுக்குக் கொண்டை கறுத்திருந்தது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை என்கிறார். வாராவாரம் வரும் கோழி வியாபாரி, "மிச்சத்தைப் பாதி விலைக்குக் கொடுத்துடுங்க, நாளைக்கு இதுவும் கிடைக்காது" என்கிறாராம். விற்கலாமா, முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, வாத்துகள் நன்றாகத்தானே மேய்கின்றன, அப்படியானால் இது பறவைக் காய்ச்சல் இல்லைதானே? இதுதான் அவர் கேள்வி.

விற்காதீர்கள், அம்மா. ஒரு கோழிகூட வாசலைத் தாண்டக் கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இது பறவைக் காய்ச்சல்தானா என்பதை நீங்கள் எழுதியதை வைத்து நானும் சொல்ல முடியாது, கோழியை நேரில் பார்த்தாலும் சொல்ல முடியாது. 35 கோழியில் 5 செத்திருக்கிறது, தடுப்பூசி போட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை என்பதால், நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெள்ளைக் கழிச்சலைத்தான், அதாவது ராணிகேட் என்ற இன்னொரு வைரஸ் நோயைத்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்து திருகிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது, எல்லாம் அதிலும் வரும். பறவைக் காய்ச்சலில் கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து வீங்கும், காலில் ரத்தம் கட்டினாற்போல் சிவப்புப் புள்ளிகள் தெரியும், முட்டை சட்டென்று குறையும் அல்லது தோல் முட்டையாக வரும், சில நேரம் எந்த அடையாளமும் காட்டாமல் இரவு அடைத்த கோழி காலையில் செத்துக் கிடக்கும். ஆனால் இந்த இரண்டு சீக்கும் ஒன்றின் வேஷத்தை இன்னொன்று போட்டுக்கொள்ளும், அதனால் பரிசோதனைக் கூடம்தான் முடிவு சொல்ல வேண்டும். அந்த உறுதி முடிவு போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்திலிருந்து வருகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கோழியின் மாதிரி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பதில் வருவதற்குள் வியாபாரி மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வந்து போயிருப்பார். இந்தியாவில் முதல் தாக்குதல் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு வீட்டுக்காரி பதிலுக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வியாபாரி விஷயத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இந்த நோயை ஊர் ஊராகக் கொண்டுபோவதில் வானத்துப் பறவைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதற்குக் குறையாத பங்கு இரண்டு சக்கர வண்டியில் கட்டிய கோழிக் கூண்டுக்கும் உண்டு. காட்டுப் பறவை எச்சத்தைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். வியாபாரியோ உங்கள் வீட்டில் சீக்குக் கோழியை வாங்கி, அதே கூண்டில் அடுத்த ஊர்க் கோழியோடு அடைத்து, சந்தையில் பத்துப் பேர் கைக்கு மாற்றிவிடுகிறார். அவர் வாங்கும் பாதி விலைக் கோழி சந்தையில் முழு விலைக்குப் போகும், இல்லையென்றால் வெட்டிய கறியாகப் போகும். செத்த கோழியையும் "மீனுக்குப் போடுறேன்" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவர் கூண்டைக் கழுவுவதில்லை, முட்டை அட்டையைத் திருப்பித் திருப்பி எல்லா வீட்டுக்கும் கொண்டுவருகிறார், காலில் ஒட்டிய எச்சத்தோடு உங்கள் கோழிக்கூடு வரை நடந்து வருகிறார். இனிமேல் அவரை வாசலிலேயே நிறுத்துங்கள், அவர் தரும் அட்டையைத் தொடவே வேண்டாம். சண்டைக்குக் கட்டுச்சேவல் வாங்க வருகிறவர்களுக்கும் இதேதான்.

இதே சமயத்தில் இன்னொருவரும் வருவார், பறவைக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது, பொடி இருக்கிறது என்று. வாங்காதீர்கள். நாம் பயப்படும் பறவைக் காய்ச்சல் வைரஸின் பெயர் எச்5என்1, அது வந்த கோழிக்கு மருந்து கிடையாது. எச்9என்2 என்ற வீரியம் குறைந்த வகைக்குத் தடுப்பூசி உண்டு, அது வேறு வைரஸ், பெரிய பண்ணைகளின் விஷயம். அதைக் காட்டித்தான் உங்களிடம் பணம் பறிப்பார்கள். ஆன்டிபயாட்டிக் பொடி வைரஸை ஒன்றும் செய்யாது.

இப்போது செய்ய வேண்டியது இது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், கிடைக்கவில்லை என்றால் கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள். எத்தனை கோழி, எத்தனை நாளில், கொண்டை கறுப்பு, பக்கத்தில் வாத்து இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தகவல் சொல்வது வளர்ப்பவரின் கடமை, சந்தேகம் வந்தாலே சொல்லியாக வேண்டும். செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்காலில் எறியாதீர்கள், நாய் பூனைக்குப் போடாதீர்கள். பூனைகளும் இந்த வைரஸால் செத்திருக்கின்றன. டாக்டர் வந்து மாதிரி எடுக்கும்வரை மூடி வைத்திருந்து, அவர் சொன்னபின் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு தொடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் குளியுங்கள். இந்த வைரஸுக்கு சோப்பும் வெயிலும் ஆகாது. குளிர்ந்த ஈர எச்சத்திலும் தேங்கிய தண்ணீரிலும் அது நாள்கணக்கில் தாங்கும்.

அழித்துவிடுவார்களே என்ற பயம்தான் எல்லாரையும் வியாபாரியிடம் தள்ளுகிறது, எனக்குத் தெரியும். நோய் உறுதியானால் பொதுவாக ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். இழப்பீடு உண்டு. 2021-ல் கேரளாவில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் கீழ் 100, முட்டைக்கு 5 என்று கொடுத்தார்கள். ஒரு நல்ல நாட்டுக்கோழி இன்றைக்கு என்ன விலை போகிறது என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட என்னை எரிச்சல்படுத்துவது, இழப்பீடு பொதுவாக அதிகாரிகள் அழிக்கும் பறவைக்குத்தான், அதற்கு முன்பே செத்துப்போனதற்கு இல்லை. முதலில் இழந்தவளுக்கு ஒன்றுமில்லை என்று ஏட்டில் எழுதிவைத்துவிட்டு, மக்கள் தகவல் சொல்வதில்லை என்று கூட்டம் போட்டால் எப்படி? ஆனாலும் இந்த விதியே சீக்கிரம் சொல்வதற்கும் காரணம். ஐந்து செத்தபோது சொன்னால் மிச்சம் முப்பது கணக்கில் வரும், முப்பதும் செத்தபின் சொன்னால் கணக்கில் எதுவும் இருக்காது.

வாத்து விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கோழிக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் சாவு. வாத்துக்கு அப்படி இல்லை. கேரளாவின் குட்டநாட்டில் 2014-லும் பிறகும் வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன, அதைப் பார்த்தவர்கள் வாத்து செத்தால்தான் நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வைரஸின் ரகத்தைப் பொறுத்து, வாத்தின் வயதைப் பொறுத்து, அதே நோய் வாத்தின் உடம்பில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்துவிட்டும் போகும். வாத்து சாப்பிடும், நீந்தும், முட்டையிடும், எச்சத்தில் வைரஸைப் போட்டுக்கொண்டே இருக்கும். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டம் எத்தனை நீர்க்கோழியோடும் கொக்கோடும் ஒரே தண்ணீரில் நிற்கிறது என்று பாருங்கள். ஆகவே உங்கள் ஆறு வாத்தும் நன்றாக இருப்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. இன்றைக்கே அவற்றைத் தனியாக அடையுங்கள், கோழி குடிக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். அடைக்கோழிக்கு வாத்து முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

முட்டை. செத்த கோழிகளோடு இருந்த கோழியின் முட்டையைப் பரிசோதனை முடிவு வரும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையும் கறியும் சாப்பிடலாம், 70 டிகிரி சூட்டில் உள்வரை வெந்தால் வைரஸ் செத்துவிடும், நம் குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது. ஆஃப்பாயில் இந்தச் சமயத்தில் கூடாது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இப்போது வேண்டாம். வேகவைத்த முட்டையிலும் அதே சத்துத்தான் இருக்கிறது.

மனிதருக்கு வருமா என்றால், அரிதாக வரும், வந்தால் ஆபத்து. 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். 2003-லிருந்து உலகம் முழுக்க 900-க்கு மேற்பட்டவர்களுக்கு உறுதியாகி, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021 ஜூலையில் ஹரியானாச் சிறுவன் ஒருவன் தில்லி எய்ம்ஸில் இறந்தான், 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண்குழந்தை இறந்தது. வீட்டில் கறி வெட்டும்போது கேட்ட குழந்தைக்கு ஒரு பச்சைத் துண்டைக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொடர்ந்து பரவவில்லை, அதனால் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து நீங்களோ, உங்களைப் பார்த்து அவர்களோ ஒதுங்க வேண்டியதில்லை. ஒதுங்க வேண்டியது கோழிக்கூட்டிலிருந்து. பிள்ளைகளைக் கூடு பெருக்கவோ குஞ்சு பிடிக்கவோ அனுப்பாதீர்கள்.

கோழியைத் தொட்டவர்கள் யாருக்காவது, கடைசியாகத் தொட்டதிலிருந்து 10 நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை கேட்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "வீட்டில் கோழி செத்தது, நான் தொட்டேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓசெல்டாமிவிர் என்ற மருந்து முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும், அந்த வாக்கியம் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பரிசோதனையில் பறவைக் காய்ச்சல் இல்லை, வெள்ளைக் கழிச்சல் என்று வந்தால், மிச்சக் கோழிக்கு எப்போது தடுப்பூசி போடலாம் என்று அதே கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். பிப்ரவரியில் ஊருக்கு வரும் இலவச முகாம் தேதியையும் கேட்டு வையுங்கள்.