அவசர நேரத்தில் ஒருவருடைய நாடி, மூச்சு எல்லாம் எப்படிப் பார்ப்பது? மருத்துவம் படிக்காதவர்கள் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

முதலில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். எங்கள் ஷிப்டில் அந்த ஆள் நான்தான். சான்றிதழ்கூட வைத்திருக்கிறேன்.

போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தி போடத் தாமதமாகிவிட்டது. கை கழுவும் இடத்தில் பெரியப்பா முறை உள்ள ஒருவர் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. அவ்வளவுதான், இருபது பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். இன்னொருவர் வலிப்பு என்று தானே முடிவு செய்து, தன் பைக் சாவியைப் பெரியப்பா கையில் திணித்தார். நான் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று உள்ளே புகுந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ண ஆரம்பித்தேன். நிமிடத்துக்கு 120! "ஹார்ட் அட்டாக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தபோது, ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் தங்கச்சி ஒருத்தி காதோரமாகச் சொன்னாள்: "அண்ணா, கட்டை விரல எடுங்க. நீங்க எண்ணுறது உங்க நாடி."

கட்டை விரலிலேயே ஒரு துடிப்பு உண்டு. பயத்தில் அடித்துக்கொண்டிருந்த என் நெஞ்சைத்தான் அவர் கையில் எண்ணியிருக்கிறேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் அவருடைய கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டுப் பள்ளத்தில் லேசாக வைக்க வேண்டும். அமுக்கினால் துடிப்பு அடங்கிவிடும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். சும்மா இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

அவள் அதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. "பெரியம்மா, காலைல சுகர் மாத்திரை போட்டாரா?" என்றாள். "போட்டாருங் கண்ணு, பந்தி சீக்கிரம் போட்டுருவாங்கன்னு சாப்பிடாமயே வந்துட்டாரு." சமையல்கட்டிலிருந்து சர்க்கரை வந்தது. பேசினால் பதில் சொல்கிறார், விழுங்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்டு, மூன்று நான்கு ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் வியர்வை நின்று, "என்ன எல்லாரும் நிக்கறீங்க?" என்றார். அவருக்கு வந்தது சர்க்கரைக் குறைவு. ஒருவேளை சர்க்கரை கூடித் தளர்ந்திருந்தாலும் இந்த நான்கு ஸ்பூனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. குறைந்திருக்கும்போது கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து. ஆனால் நினைவில்லாதவர் வாயில் சர்க்கரை, சோடா, தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குப் போய்விடும்.

இனி உங்கள் கேள்வி. விழுந்து கிடப்பவரிடம் நீங்கள் தேட வேண்டியது நாடியை அல்ல, மூச்சை. தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா, ஒருவரை 108க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நெற்றியில் ஒரு கை வைத்து முகவாயை மேலே தூக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 10 வினாடிக்கு மேல் வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு நாடி சரியாகக் கிடைக்காது என்பதால்தான் பொதுமக்களுக்கான சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிரூட்டுவது) பயிற்சியில் இப்போது நாடி பார்க்கச் சொல்வதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் "மூச்சு இருக்குது, இழுத்துட்டு இருக்குது" என்பார்கள். தரையில் போட்ட மீன் மாதிரி எப்போதாவது ஒரு தரம் வாயைத் திறந்து இழுப்பது மூச்சுக் கணக்கில் வராது. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் அப்படி இழுக்கும். மூச்சே இல்லாவிட்டாலும், இப்படி இழுத்தாலும் உடனே மல்லாத்திக் கட்டாந்தரையில் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீர்கள். கை சோர்ந்தால் ஆள் மாற்றுங்கள்.

ஒழுங்காக மூச்சு விட்டு, நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே போகும். வலிப்புக்கும் இதேதான், சாவி வேண்டாம், கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

மூச்சை எண்ண ஒரு சின்ன வித்தை: எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்தபடியே நெஞ்சைப் பாருங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இயல்பு. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது. சளி இருமல் உள்ள ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 40, ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். அதுவும் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடக்கும். 95 சதவீதமும் அதற்கு மேலும் சரி. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தப்பாகக் காட்டும்.

ரத்தக் காயத்துக்குக் காப்பித்தூள் வேண்டாம், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் வரும் என்று ஒதுங்கவும் வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு உதவுபவரைக் காக்கவே இருக்கிறது.

பெரியப்பாவை அன்று ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனோம். சில சுகர் மாத்திரைகளின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம். இதற்கிடையே அந்த பைக்கின் சொந்தக்காரர் மண்டபம் முழுக்கச் சாவியைத் தேடியிருக்கிறார். அது பெரியப்பா சட்டைப் பையில் அவினாசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.