திகில் பட வட்டுகள்: வாங்கும் முன் எழும் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய திகில் படங்களின் உறைகளில் ‘புதிய 4கே மீட்டெடுப்பு’ என்று இப்போது எல்லா நிறுவனங்களும் அச்சிடுகின்றன. அதே படத்தின் பழைய ப்ளூ-ரே என்னிடம் இருக்கும்போது, இந்த ஒரு வரியை நம்பி மறுபடியும் செலவழிக்கலாமா?

பதில்: அந்த வரிக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள். படச்சுருளை டிஜிட்டலாக மாற்றும் ஸ்கேன் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. படப்பிடிப்பின்போது கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்து எடுத்திருந்தால், நிறுவனம் அதை உறையிலோ அறிவிப்பிலோ பெருமையோடு சொல்லியிருக்கும். நெகட்டிவ் கிடைக்காதபோது அதிலிருந்து உருவாக்கிய இன்டர்பாசிட்டிவையும், அதுவும் இல்லாதபோது திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதியையும் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறைகிறது. நிழல் விழுந்த பகுதிகள் வெறும் கருப்பாக அடைத்துக்கொள்கின்றன. பாதிக் கதை இருட்டிலேயே நடக்கும் இவ்வகைப் படங்களில் அந்த இழப்பு சாதாரணக் குடும்பப் படத்தில் தெரிவதைக் காட்டிலும் அதிகமாகத் தெரியும். மூலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ‘4கே’ என்று மட்டும் பெரிதாக இருந்தால், விமர்சனங்கள் வரும்வரை காத்திருங்கள்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. 4கே தரத்தில் ஸ்கேன் செய்து மீட்டெடுத்த படத்தைச் சாதாரண ப்ளூ-ரேயிலும் வெளியிடலாம். அப்போதும் உறையில் 4கே என்ற சொல் இருக்கும். ஆனால் உங்கள் திரைக்கு வருவது 1920×1080 புள்ளிகள்தான். 3840×2160 புள்ளிகள் வேண்டுமானால் உறையில் ‘4கே அல்ட்ரா எச்.டி.’ என்ற முத்திரை இருக்க வேண்டும், அதற்கேற்ற பிளேயரும் வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதும் வாசகர்கள் பலர். சட்டப்படி அதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றாலும், எழுத்தின் அளவைத் தேர்ந்தெடுத்த விதம் நேர்மையானது என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ப்ளூ-ரே நல்ல ஸ்கேனிலிருந்து வந்தது, உங்கள் திரையும் நடுத்தர அளவுதான் என்றால், புள்ளிகளின் எண்ணிக்கை கூடியதை மட்டும் வைத்துப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். கண்ணுக்கு உடனே புலப்படுவது எச்.டி.ஆர். எனப்படும் ஒளி வீச்சின் விரிவுதான்: மெழுகுவர்த்தி வெளிச்சமும், இருட்டு அறையின் மூலையில் நிற்கும் உருவமும், ஒன்றையொன்று விழுங்காமல் தனித்தனியே தெரியும். வண்ணமே கதை சொல்லும் படங்களிலும் புதிய பதிப்புக்குப் பொருள் உண்டு. 1977இல் வந்த ‘சஸ்பீரியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடர் சிவப்பும் நீலமும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டு வந்தன. 2017இல் சைனாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு, படத்தின் ஒளிப்பதிவாளர் லூச்சியானோ டொவொலியின் மேற்பார்வையில் வண்ணம் சரிசெய்யப்பட்டது. அத்தகைய தகவல் இருக்கும் இடத்தில் மறுபடி வாங்குவது வீண்செலவு ஆகாது.

கேள்வி: புதிதாக வாங்கிய 4கே வட்டில் படம் முழுவதும் மணல் தூவியது போலத் துகள்கள் அசைகின்றன. குறையுள்ள வட்டு என்று சொல்லித் திருப்பித் தரலாமா?

பதில்: திருப்ப வேண்டாம். நீங்கள் காண்பது கிரெயின். பிலிம் என்ற பொருளே அந்தத் துகள்களால் ஆனது. படத்தின் நுணுக்கம் அவற்றில்தான் பதிந்திருக்கிறது. குறைந்த செலவில் எடுத்த திகில் படங்களில் இது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ‘தி டெக்ஸஸ் செயின் சா மசாக்கர்’ (1974), ‘தி ஈவில் டெட்’ (1981) போன்றவை 16 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டவை. 35 மி.மீ. பிலிமைவிடச் சிறிய அந்தச் சட்டத்தை (ஃபிரேமை) பெரிய திரைக்கு விரிக்கும்போது துகள்களும் சேர்ந்தே விரிகின்றன.

கவலைப்பட வேண்டியது துகள்கள் இல்லாதபோதுதான். மென்பொருளால் அவற்றை வழித்தெடுத்தால் தோலின் நுண்துளைகளும் துணியின் இழைகளும் கூடவே போய்விடும். நடிகர்கள் மெழுகுப் பொம்மைகளைப் போல ஆகிவிடுவார்கள். 2010இல் வந்த ‘பிரெடேட்டர்’ ப்ளூ-ரே இந்தக் காரணத்துக்காகவே இன்றுவரை கேலிக்கு உள்ளாகிறது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் கிரெயின் திரும்பிவிட்டது. 2024இல் வந்த ‘ஏலியன்ஸ்’ 4கே வட்டிலும் படத்தைக் கணினி கொண்டு மழுக்கிக் கூர்மையாக்கியது பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. அது இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனின் ஒப்புதலோடு வந்த பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘இயக்குநர் ஒப்புதல் பெற்றது’ என்ற வாசகம், அவருக்கு அந்தத் தோற்றம் பிடித்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. உங்களுக்கும் பிடிக்கும் என்ற உறுதியை அது தருவதில்லை.

மறுபுறம், எந்த மீட்டெடுப்பாலும் கூடுதல் தெளிவு தர முடியாத படங்களும் உண்டு. ‘28 டேஸ் லேட்டர்’ (2002) படத்தின் பெரும்பகுதி கேனான் எக்ஸ்.எல்.1 என்ற டிஜிட்டல் டேப் கேமராவில், ஏறக்குறைய டிவிடியின் நுணுக்க அளவிலேயே, பதிவானது. அதன் மங்கலும் கரகரப்பும் திட்டமிட்டே சேர்க்கப்பட்டவை. அத்தகைய படத்துக்கு உயர்தர வட்டு வாங்கினால் ஒலியும் சுருக்கத்தின் தரமும் மேம்படலாம். உருவத்தில் அதிசயம் நிகழாது.

துகள்கள் தவிர, படம் சட்டென்று உறைவது, சதுரம் சதுரமாக உடைவது, ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோவது ஆகியவை வேறு வகை. அவை உண்மையான குறைகள். 100 ஜி.பி. கொள்ளும் மூன்றடுக்கு வட்டுகளைப் படிக்கச் சில பிளேயர்கள் தடுமாறும். எனவே, வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, பிளேயரின் மென்பொருளையும் புதுப்பித்துப் பார்த்த பிறகு கடைக்கு எழுதுங்கள்.

கேள்வி: ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) படத்துக்கு எத்தனையோ பதிப்புகள் விற்பனையில் உள்ளன. விலையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பல மடங்கு வேறுபாடு. மலிவானதை வாங்கினால் என்ன?

பதில்: படம் முதலில் வேறு தலைப்பில் இருந்தது. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு சேர்ந்து பதிப்புரிமைக் குறிப்பும் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் குறிப்பு இல்லாத படைப்பு பொதுச் சொத்தாகிவிடும். அதனால் யார் வேண்டுமானாலும், எந்த மங்கிய பிரதியிலிருந்தும், யாரிடமும் அனுமதி பெறாமல் வட்டு அடித்து விற்க வழி பிறந்தது. மலிவான பதிப்புகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. படத்தின் ஓரங்கள் வெட்டுண்டிருக்கும். கருப்பு-வெள்ளையின் இடைநிறங்கள் சாம்பலாகக் கலங்கியிருக்கும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் பிலிம் பவுண்டேஷனும் மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் இதை மீட்டெடுத்தன. கிரைட்டீரியன் நிறுவனம் 2018இல் அதை ப்ளூ-ரேயாகவும் பின்னர் 4கே வட்டாகவும் வெளியிட்டது. இந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை விலை வேறுபாட்டை நான் தயங்காமல் நியாயப்படுத்துவேன். பொதுச் சொத்தான வேறு பழைய திகில் படங்களுக்கும் இதே சோதனை பொருந்தும்: மீட்டெடுத்தவர் யார் என்று உறையில் பெயர் இல்லையென்றால் அதை யாரும் மீட்டெடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே படத்துக்கு ஒரு வட்டில் 127 நிமிடம், இன்னொன்றில் 139, வேறொன்றில் 119 என்று போட்டிருக்கிறது. நீளமானதுதானே முழுமையானது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் எண்கள் ‘டான் ஆஃப் த டெட்’ (1978) படத்தினுடையவை. 139 நிமிடப் பதிப்பு கான் திரைப்பட விழாவை ஒட்டி அவசரமாகத் தொகுத்தது. 127 நிமிடப் பதிப்புதான் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ தமக்கு உகந்ததாகக் கருதியதும் அதுவே. ஐரோப்பாவுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெந்தோ தொகுத்தது ஏறத்தாழ 119 நிமிடம். நகைச்சுவை குறைந்து, காப்ளின் என்ற இத்தாலிய ராக் குழுவின் இசை கூடி, வேறு படம் பார்ப்பது போன்ற உணர்வைத் தரும். பிரிட்டனின் செகண்ட் சைட் நிறுவனம் 2020இல் மூன்றையும் ஒரே பெட்டியில் தந்தது. முதல் முறை பார்ப்பவர் 127 நிமிடப் பதிப்பில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. நீளம் முழுமையின் அளவுகோல் ஆகாது.

ஆயினும் குறைந்த நீளம் சில சமயம் உண்மையான வெட்டையே காட்டும். அர்ஜெந்தோவின் ‘ஃபினாமினா’ (1985) இத்தாலியில் 116 நிமிடம். அமெரிக்காவில் ‘க்ரீப்பர்ஸ்’ என்ற பெயரில் 83 நிமிடம். இரண்டையும் ஒரே படம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். நீண்ட பதிப்பில் ஆங்கில ஒலியைத் தேர்ந்தெடுத்தால் நடுவே சில காட்சிகள் திடீரென இத்தாலியத்துக்கு மாறும். அந்தப் பகுதிகளுக்கு ஆங்கில ஒலி கிடைக்கவில்லை என்பதே காரணம், வட்டில் பிழை இல்லை. அக்கால இத்தாலியப் படங்களில் எந்த மொழி ஒலியும் பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்பட்டதுதான் என்பதால், ‘அசல் மொழி’யில்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் தேவையில்லை.

தணிக்கை வெட்டுகளும் உண்டு. ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) படம் 2011இல் பிரிட்டனில் சுமார் 15 விநாடி வெட்டோடு அனுமதிக்கப்பட்டது. ஒரு விலங்கை உண்மையாகவே கொல்லும் காட்சி அது. அந்த வெட்டை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாமலும் நேரம் குறையலாம்: ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காகத் தயாரித்த டிவிடிகளில் விநாடிக்கு 24 சட்டங்கள் 25 ஆக ஓடுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று புகார் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒரு பெட்டித் தொகுப்பு வாங்க விரும்புகிறேன். என் பிளேயரில் ஓடுமா?

பதில்: ஒரு பகுதியின் வட்டு வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி தடுப்பது பகுதிப் பூட்டு. 4கே அல்ட்ரா எச்.டி. வட்டுகளில் அது நடைமுறையில் இல்லை. எங்கு வாங்கினாலும் ஓடும். ப்ளூ-ரே அப்படியல்ல. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ஆகியவை ‘ஏ’. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆஸ்திரேலியா ஆகியவை ‘பி’. தெற்காசியா, சீனா, ரஷ்யா ஆகியவை ‘சி’. பூட்டுவதா வேண்டாமா என்பது வெளியிடுபவரின் விருப்பம். ஆர்வலர்களுக்கான சிறிய நிறுவனங்கள் உரிமை ஒப்பந்தத்தின் காரணமாகப் பூட்டுவது வழக்கம். பெரிய ஸ்டூடியோக்களின் வட்டுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் கலப்புத் தொகுப்பு. படம் 4கே வட்டில் இருக்கும், அது ஓடும். நேர்காணல்களும் ஆவணப்படமும் உடன்வரும் ப்ளூ-ரேயில் இருக்கும், அது பூட்டியிருக்கும். கூடுதல் அம்சங்களுக்காகவே வாங்குபவர் அவை எந்த வட்டில் உள்ளன என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். கேம் கன்சோலில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பிளேஸ்டேஷன் 5 டால்பி விஷன் என்ற எச்.டி.ஆர். வகையைக் காட்டாது, அடிப்படை வகையான எச்.டி.ஆர்.10 ஆகவே காட்டும்.

கேள்வி: வரையறுக்கப்பட்ட பதிப்பு உடனே தீர்ந்துவிடும் என்கிறார்கள். முன்பதிவு செய்துவிடலாமா?

பதில்: தீர்வது பெரும்பாலும் அட்டைப் பெட்டியும் கையேடும் சுவரொட்டியும்தான். அதே வட்டு சில மாதங்கள் கழித்துச் சாதாரண உறையில் குறைந்த விலைக்கு வருவது வழக்கம். கட்டுரைகளைப் படிப்பவர் என்றால் கையேட்டுக்காக வாங்கலாம். செவெரின் நிறுவனம் 2021இல் வெளியிட்டு 2024இல் இரண்டாம் பாகமும் கண்ட நாட்டார் திகில் படத் தொகுப்பு போன்றவை வேறு கணக்கு. வேறு எங்கும் நல்ல வடிவில் கிடைக்காத பல நாட்டுப் படங்களை அவை ஒன்றாகத் தருவதால், முழு விலைக்கும் தகும். மறுவிற்பனையாளர் பல மடங்கு விலை சொன்னால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: விமர்சனங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எதை நம்புவது?

பதில்: படத்துக்குத் தரும் மதிப்பெண்ணையும் வட்டுக்குத் தரும் மதிப்பெண்ணையும் பிரித்துத் தருபவரை முதலில் நம்புங்கள். பிடித்த படம் நல்ல வடிவில் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் வட்டின் குறைகளை மன்னித்துவிடுவது இத்துறை விமர்சகர்களின் பொதுவான பலவீனம். எந்தத் திரையில் பார்த்தார், முந்தைய பதிப்போடு ஒப்பிட்டாரா, இருண்ட காட்சிகளில் பட்டை பட்டையாகத் தெரிகிறதா, மூல மோனோ (ஒற்றைத் தட) ஒலி இருக்கிறதா அல்லது புதிதாகப் பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்த 5.1 ஒலி மட்டுமா என்பவற்றைச் சொல்லியிருக்க வேண்டும். விமர்சகர்களுக்கு நிறுவனங்கள் பெட்டியும் கையேடும் இல்லாத சோதனை வட்டை மட்டும் அனுப்புவதுண்டு. அவரிடம் தொகுப்பின் அச்சுத் தரம் பற்றிய கருத்தை எதிர்பார்க்க முடியாது. இலவசமாகப் பெற்றதை மறைக்காமல் சொல்பவரே மேல்.

ஒப்பீட்டுப் படங்களை வைத்து முடிவெடுப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எச்.டி.ஆர். படத்தைச் சாதாரணக் கணினித் திரையில் காட்டும்போது வெளிச்சமும் நிறமும் மாறிவிடும். அதனால் அவற்றிலிருந்து நுணுக்கத்தையும் சட்டத்தின் வெட்டையும் மட்டும் ஒப்பிடலாம்; இருட்டாக இருக்கிறது, வெளிறியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல அவை உதவாது.

வெளியான நாளிலேயே வாங்குவதைவிட இரண்டு மூன்று வாரம் பொறுப்பது நல்லது. ஒலி ஒத்திசைவுப் பிழையோ விடுபட்ட வசன வரியோ இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பொறுப்பான நிறுவனங்கள் திருத்திய வட்டை மாற்றித் தருவதாக அறிவிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிழை தோன்றும் நேரத்தை மணி, நிமிடம், விநாடியாகக் குறித்து, முடிந்தால் வேறொரு பிளேயரிலும் சோதித்து, வட்டின் உள்வளையத்தில் பொறித்த எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். எந்த அச்சுத் தொகுதியில் பிழை என்பதை அவர்கள் அதைக் கொண்டே கண்டுபிடிப்பார்கள்.